பங்கு, பரிசில், குற்றம்: வில்வேட்டைச் சமூகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பண்டைத் தமிழிலக்கியம் பற்றிய ஆய்வுகளில் வேட்டை பெரும்பாலும் இரண்டு தலைப்புகளின் கீழேயே இடம்பெறுகின்றது. ஒன்று, குறிஞ்சி நிலத்துக் கருப்பொருள்களுள் அடங்கும் தொழில். மற்றையது, குறுநில மன்னரின் வீரம். முதலாவதில் அது பட்டியலில் வரும் ஒரு சொல்லாக நின்றுவிடுகின்றது. இரண்டாவதில் தனிமனித ஆற்றலாகப் போற்றப்படுகின்றது. வேட்டை எவ்வாறு நடைபெற்றது, அதில் எத்தனை பேரின் உழைப்பும் அறிவும் சேர்ந்தன, கிடைத்த இறைச்சி யார் யாருக்குச் சென்றது ஆகிய வினாக்கள் இவ்விரு தலைப்புகளுக்கும் இடையே மறைந்துபோகின்றன. இக்கட்டுரையில் அவ்வினாக்களையே நாம் முதன்மைப்படுத்துகின்றோம். வில்வேட்டை அடிப்படையிற் கூட்டுழைப்பாகும். அவ்வுழைப்பின் பயன் முதலிற் பங்காகவும், பின்னர் தலைவன் வழங்கும் பரிசிலாகவும், ஈற்றில் அரசின் சட்டத்திற் குற்றமாகவும் மாறிய வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

1. எய்பவனும் சுவடு காண்பவனும்

வில்லின் தொழில்நுட்பத்தை விளங்கிக்கொள்ளாது வேட்டைச் சமூகத்தின் உறவுகளை விளங்கிக்கொள்ள இயலாது. அம்பு பயன்தரும் தொலைவு சிறிது. ஆகவே வேட்டுவன் விலங்கை மிக அண்மித்தல் வேண்டும். காற்று அவனிடமிருந்து விலங்கை நோக்கி வீசுமாயின் அது மோப்பங்கொண்டு ஓடிவிடும். அம்பு தைத்த பின்னரும் விலங்கு நின்ற இடத்திலேயே வீழ்வது அரிது. குருதி சிந்தியவாறே அது காட்டினுள் ஓடும். உடனே துரத்தினால் மேலும் தொலைவு செல்லும். பொறுத்திருந்தால் அண்மையிலுள்ள புதரிற் சென்று படுக்கும். அதன் பின்னரே உண்மையான வேட்டை தொடங்குகின்றது எனலாம்.

சுவடு காணல் ஒரு வாசிப்பாகும். குளம்படியின் விளிம்பு கூர்மையாயிருப்பின் சுவடு புதியது. மண் உதிர்ந்து மழுங்கியிருப்பின் பழையது. சுவட்டின்மேல் எறும்பு ஊர்ந்த கோடு உளதா, மிதிபட்ட புல் மீண்டும் நிமிர்ந்துவிட்டதா, இலையிற் படிந்த குருதி உலர்ந்துவிட்டதா என்பன யாவும் காலத்தை உணர்த்தும் குறிகள். சுவடு தவறிய இடத்தில் ஒருவர் கடைசிக் குறியருகே நிற்க, ஏனையோர் சுற்றிலும் தேடுவர். நிலத்தை ஒருவர் நோக்குகையில் முன்னுள்ள புதரை மற்றொருவர் நோக்குதல் வேண்டும். இவ்வறிவு ஏட்டில் எழுதப்படவில்லை; மூத்தோருடன் நடந்து இளையோர் கற்றது. எய்பவன் ஒருவனாயினும் வேட்டையாடுவோர் பலர். காட்டிலே தோழமை என்பது வெறும் உளப்பாங்கு அன்று. அது உற்பத்தியின் ஒரு தேவையாகும்.

2. பெரும்பாணாற்றுப்படை தரும் சான்று

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, மன்னனின் பெருமையைப் பொருளாகக் கொண்டதாயினும், வழியிடையே காணப்படும் மக்களின் வாழ்க்கையைக் கூர்ந்து பதிவுசெய்கின்றது. எயினரின் வேட்டை பற்றிய பகுதி இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. மழை பொய்த்த காலம். மானின் அடிகள் பதிந்த வழிகளின் அருகே நீருக்காகத் தோண்டிய குழிகளில் வேட்டுவர் ஒளிந்திருந்து, நள்ளிரவிற் பன்றியின் வரவைப் பார்த்திருக்கின்றனர். அவ்வேட்டை வாய்க்காதபோது பகலில் நாய்களுடன் சென்று, புதர்களை அடித்து, வலைகளைத் தொடுத்து மாட்டி, முயல்களைத் தப்பவிடாது வளைத்துப் பிடிக்கின்றனர். பிடித்தவற்றைக் கூடி உண்கின்றனர்.

இங்கு தலைவன் ஒருவனின் பெயர் இல்லை. முதலில் எய்தவன் யார் என்ற குறிப்பும் இல்லை. இரவு வேட்டையின் தோல்வியும் மறைக்கப்படவில்லை. அதே நூலில் எயினர் குடிப் பெண்கள் இரும்பு முனைக் கோலாற் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்ப்பதும், பார்வைமான் கட்டிய விளாமரத்து நிழலில் நிலவுரலிலே அதனைக் குற்றுவதும் கூறப்படுகின்றன. வேட்டையின் பயன் நிச்சயமற்றது. பெண்களின் சேகரிப்பே நாளாந்த உணவுக்கு ஆதாரம் என்பதை இக்காட்சி புலப்படுத்துகின்றது. பங்கீடு என்னும் வழக்கம் இந்நிச்சயமின்மையிலிருந்தே பிறக்கின்றது. இன்று வெறுங்கையுடன் வருபவன் நாளை இறைச்சியுடன் வரலாம். ஆதலால் இன்று பெற்றவன் பெறாதவனுக்குப் பகிர்கின்றான்.

3. பங்கு பரிசிலாதல்

இக்காட்சியைப் புறநானூற்றில் வன்பரணர் பாடிய இரு பாடல்களுடன் ஒப்பிடுதல் பயனுடையது. வல்வில் ஓரியைப் பற்றிய பாடலில் ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானையும் பன்றியையும் துளைத்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைக்கின்றது. இதனை வெறும் மிகையுரை என்று தள்ளிவிடுதல் போதாது. பலர் சேர்ந்து பல நாட்களில் பெறக்கூடிய வேட்டை முழுவதும் ஒருவனின் ஓர் அம்பினுள் அடக்கப்படுகின்றது. கூட்டுழைப்பின் பயன் தலைவனின் பெயரில் எழுதப்படும் முறை இதுவே.

நள்ளி பற்றிய பாடல் இதனினும் நுட்பமானது. காட்டிற் களைத்திருந்த பாணர் கூட்டத்தை ஒரு வேட்டுவத் தலைவன் காண்கின்றான். தன் இளையர் வந்து சேருமுன்னரே தீக்கடைந்து, கொழுத்த மான் இறைச்சியைச் சுட்டு வழங்குகின்றான். தாம் காட்டு நாட்டினர் எனக் கூறி ஆரத்தையும் கடகத்தையும் கழற்றித் தருகின்றான். தன் பெயரை மட்டும் கூறவில்லை. அவனது பண்பு போற்றத்தக்கதே. எனினும் காட்டில் அலைந்துகொண்டிருந்த அந்த இளையர் யாவர்? கவிதையில் அவர்கள் ஒரு தொடரில் மட்டும் வந்து மறைகின்றனர். அவர்களது பங்கையும் உள்ளடக்கிய இறைச்சி, அவர்கள் இல்லாத வேளையிலே தலைவனின் கொடையாகின்றது. பங்கு பரிசிலாக மாறும் கணத்தை இப்பாடல் எமக்குக் காட்டுகின்றது.

விழுமியங்களும் இதற்கேற்ப மாறுகின்றன. முயலை எய்து பெற்ற அம்பினும் யானைக்கு எறிந்து பிழைத்த வேலை ஏந்துதல் இனிது என்பது திருக்குறளின் படைச்செருக்குக் கருத்து. போர்வீரனுக்கு இது பொருந்தலாம். ஆனால் பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர் குடிக்கு முயலே உணவு. பிழைத்த வேல் பட்டினி. கா. சிவத்தம்பி 1974இல் திணைக் கோட்பாடு பற்றி எழுதிய கட்டுரையில், திணைகள் சமச்சீரற்ற சமூக வளர்ச்சியை உணர்த்துவதை எடுத்துக்காட்டினார். ஒரே காலத்து இலக்கியத்தில் முயல் வேட்டையும் யானை வேட்டையும் வேறு வேறு மதிப்புப் பெறுவது அவ்வளர்ச்சியின் கருத்தியல் முகமாகும்.

4. இலங்கை வேடர்

சங்கப் பாடல்களின் வேட்டுவரும் இலங்கையின் வேடரும் ஒரே மக்கள் என நாம் கூறவில்லை. உட்பகுதி வேடரின் பேச்சு சிங்களத்துடன் தொடர்புடையது. மட்டக்களப்புக்கு வடக்கே வாகரைப் பகுதியில் வாழும் கரையோர வேடர் தமிழ் பேசுவோர். எனினும் வில்லை முதன்மைக் கருவியாகக் கொண்ட உற்பத்திமுறை எத்தகைய உறவுகளைத் தோற்றுவிக்கும் என்பதற்கு இவர்களைப் பற்றிய பதிவுகள் ஒப்பீட்டுச் சான்றாகின்றன.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இரு செய்திகளைத் தருகின்றார். வேடர் இரவிற் கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் வைத்துச் செல்வர். மேலும், காட்டில் ஒவ்வொரு கூட்டத்தினருக்கும் எல்லையுண்டு. அதனைக் கடந்து எய்தலும் தேனெடுத்தலும் ஆகா. வேடர் வரலாற்றுக்கு வெளியே தனித்து நின்றவரல்லர் என்பதை முதற் செய்தியும், காடு உரிமையற்ற வெற்றுவெளியன்று என்பதை இரண்டாவதும் நிறுவுகின்றன. 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ஆய்வு இவ்வெல்லை வழக்கத்தை மேலும் விளக்குகின்றது. அடிபட்ட விலங்கு அயல் எல்லையில் வீழின் அந்நிலத்துக்குரியோருக்கும் ஒரு பங்குண்டு. மூதாதை வேட்டுவனான கண்டே யக்காவை வேண்டும் சடங்கிற் சுவடு பற்றிச் செல்வதும் எய்வதும் ஆடிக் காட்டப்படுகின்றன. உழைப்பே அங்கு ஆடலாகின்றது.

5. உரிமை குற்றமாதல்

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச்சட்டம், காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் மாறாக நிறுவப்படும்வரை முடிக்குரியன எனக் கொண்டது. நொக்ஸ் கண்ட எல்லைகளுக்கு உறுதியேதும் இருக்கவில்லை. அதே காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறப்படும் மேஜர் றொஜேர்ஸும், தமது வேட்டையை நூலாக்கிய சாமுவேல் பேக்கரும் புகழ்பெற்றனர். துரைமாருக்குச் சுவடு காட்டியோர் உள்ளூர் மக்கள்; ஏட்டில் நின்றது சுட்டவரின் பெயர். ஓரியின் அம்பு துப்பாக்கியாக மாறிய கதை இது.

1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் வந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் வேடர் வாழ்ந்த காடுகளின் ஒரு பகுதி நீருள் மூழ்கியது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, அக்காட்டு வேடர் பலர் ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஊருவரிகே திசாஹாமி சில குடும்பங்களுடன் தம்பானையை விட்டகல மறுத்தார். 1998இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். முன்னோர் வேட்டையாடிய காட்டினுள் வில்லுடன் நுழைதல் தண்டனைக்குரியதாயிற்று.

விலங்குகளைக் காத்தல் அவசியமானது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் காட்டை வெறுமையாக்கியவை பெருந்தோட்டமும் துப்பாக்கியும் அணைக்கட்டும் ஆகும். அவற்றின் விலையை, எல்லை வகுத்துப் பங்கிட்டு வேட்டையாடியவர்களே செலுத்த நேர்ந்தமை நீதியன்று.

வேட்டைப் பாடல்களை இயற்கை வருணனையாகவோ வீரப் புகழ்ச்சியாகவோ மட்டும் கற்பிப்பதாற் பயனில்லை. அம்பை எய்தவனைப் பாடிய கவிதையில் சுவடு கண்டவனையும், வலை பிடித்தவனையும், புல்லரிசி குற்றியவளையும் தேடிக் காண்பதே இலக்கிய வரலாற்று மாணவரின் கடமை. வாகரையிலும் தம்பானையிலும் முதியோரிடம் எஞ்சியுள்ள சுவடறிவும் காட்டுச் சொற்களும் அவர்களது இசைவுடன் தொகுக்கப்படல் வேண்டும். அப்பணி தாமதிக்கத்தக்கதன்று.