தொப்பியும் சப்பாத்தும்: 1905ஆம் ஆண்டின் மரியாதைப் பிணக்கு

1905ஆம் ஆண்டு மே மாதத்திலே கொழும்பு உயர்நீதிமன்றத்தின் முன் நியாயதுரந்தரர் எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்தவராகத் தோன்றினார். கால்களிற் சப்பாத்து இருந்தது. பிரதம நீதியரசர் சேர் சார்ள்ஸ் பீற்றர் லேயார்ட் இதனை ஏற்க மறுத்தார். தலையை மூடியிருப்பதாயிற் கீழைத்தேய வழக்கப்படி சப்பாத்தைக் கழற்றிவிடல் வேண்டும். சப்பாத்தோடு நிற்பதாயின் ஐரோப்பிய வழக்கப்படி தலையைத் திறந்திருத்தல் வேண்டும் என்பதே மன்றின் நிலைப்பாட்டின் சாரமாகும். அப்துல் காதர் இரண்டுக்கும் இணங்காது மன்றை விட்டு வெளியேறினார்.

இலங்கை முஸ்லிம்களின் விழிப்புணர்ச்சியைப் பற்றி எழுதுவோர் இச்சம்பவத்தைப் பெருமையோடு குறிப்பிடுவர். முற்போக்கு நோக்குடையோரிற் சிலர் இதனை மேட்டுக்குடியினரின் தலையணித் தகராறு எனத் தட்டிக்கழிப்பர். இவ்விரு நோக்குகளும் எமக்குப் போதியனவாகத் தோன்றவில்லை. இரு சாராரும் மன்றிலே எழுந்த அடிப்படை வினாவைத் தொடாமலே செல்கின்றனர். ஒரு மனிதன் மற்றொருவன் முன் காட்டும் மரியாதை எது, அதனை வரையறுக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதே அவ்வினா. அன்றாட ஒழுகலாறுகளை வரலாற்று மூலமாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றாமையே இதற்குக் காரணம் எனலாம்.

இஸ்லாமிய மரபிலே ஒழுகலாறு என்பது வெறும் நாகரிகப் பூச்சு அன்று. 'அதபு' என வழங்கும் இத்துறைக்கெனத் தனி இலக்கியமே உண்டு. ஹதீஸ் தொகுப்பாளரான இமாம் புகாரி 'அல் அதபுல் முப்ரத்' என்ற நூலை இதற்காகவே தொகுத்தார். 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா'வின் இரண்டாங் காற்பகுதியை அன்றாட வாழ்வின் நடைமுறைகளுக்கு ஒதுக்கினார். அப்பகுதி உணவு உண்ணும் முறையோடு தொடங்குகின்றது. பிறர் வீட்டினுட் புகுமுன் அனுமதி கேட்டலும், சபையிலே பின்வந்தோர்க்கு இடமளித்தலும், பட்டப் பெயரிட்டு அழையாமையும் குர்ஆனிலேயே வலியுறுத்தப்படுவன. சலாம் கூறுதல் பற்றிய விதி எமது கவனத்துக்குச் சிறப்பாக உரியது. வாகனத்திற் செல்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் இருப்பவருக்கும், சிறுதொகையினர் பெருந்தொகையினருக்கும், இளையவர் மூத்தவருக்கும் முதலிற் சலாம் கூறவேண்டும் என்பது ஹதீஸ் காட்டும் ஒழுங்கு. உயரத்தில் இருப்பவன் தாழ இருப்பவனை முந்தி வாழ்த்த வேண்டும் என்பது இதிலே பொதிந்துள்ள கருத்தாகும். குதிரை வண்டியிற் செல்லும் முதலாளி, தெருவில் நடந்து செல்லும் மூட்டை தூக்கிக்கு முதலிற் சலாம் கூறக் கடமைப்பட்டவர். குடியேற்ற ஆட்சியின் ஒழுங்கிலோ கீழுள்ளவனே முதலிற் குனிய வேண்டும்.

இச்சமத்துவ இயல்பு இலங்கை முஸ்லிம்களின் விருந்தோம்பலிலே கண்கூடாகப் புலப்படும். பாய் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி பரப்பி, சஹன் எனும் பெருந்தட்டிலே சோற்றைக் குவித்து வைப்பர். சாதாரணமாக அறுவர் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்து, தத்தம் முன்னுள்ள பகுதியிலிருந்து வலக்கையால் உண்பர். விருந்துக்கு வந்தவர் கைகழுவ எழுந்து செல்வதில்லை. வீட்டாரே நீர்க்கெண்டியும் படிக்கமும் ஏந்தி ஒவ்வொருவர் முன்னும் குனிந்து நீர் ஊற்றுவர். வீட்டுத் தலைவனின் மகன் இப்பணியைச் செய்வது பெருமைக்குரியதாகக் கருதப்பட்டது. உடன் உண்ணலே சாதியை அளக்கும் கோலாக இருந்த ஒரு தேசத்தில், முன்பின் அறியாத இருவர் ஒரே தட்டிற் கையிடும் இவ்வழக்கம் கொண்டிருந்த சமூகப் பொருளைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது.

எனினும் கோட்பாட்டையே நடைமுறையெனக் கொள்வது வரலாற்றாய்வு ஆகாது. முடிதிருத்தலையும் சுன்னத்துச் செய்வித்தலையும் தொழிலாகக் கொண்ட ஒஸ்தாமார் தாழ்ந்தோராகக் கருதப்பட்டனர்; ஏனையோர் அவர்களோடு மணவுறவு கொள்வதைத் தவிர்த்தனர். பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுதவர்கள், பெண் கேட்கும் வேளையில் விலகி நின்றனர். மட்டக்களப்புப் பகுதியிற் குடி முறையும், குடித்தலைவர்களான மரைக்கார்மாருக்கு உரிய வரிசை மரியாதைகளும் நெடுங்காலம் நிலைத்தன. இவை அயலிலுள்ள தமிழ்ச் சமூகத்தின் அமைப்போடு நெருங்கிய ஒப்புமை கொண்டவை. ஆகவே முஸ்லிம் மரியாதை என்பது அறபு மூலத்திலிருந்து அப்படியே இறங்கிய ஒன்றன்று. இந்நாட்டு மண்ணிலே வயலும் வாணிகமும் சாதியும் அதற்கு உருக்கொடுத்துள்ளன.

இனித் தலையையும் காலையும் நோக்குவோம். ஆசியப் பண்பாடுகள் பலவற்றிலே புனித இடத்திலும் பெரியோர் முன்னிலையிலும் பாதணியைக் களைதல் பணிவின் அடையாளம். முஸ்லிம்களிடையே தலையை மூடியிருத்தல் அதனோடு இணைந்த ஒழுக்கமாயிற்று. ஐரோப்பியனோ தொப்பியை எடுத்து வணங்குவான், சப்பாத்தைக் கழற்றான். இவ்விரு முறைகளும் மோதியது இலங்கையில் மட்டுமன்று. இந்தியாவில் 1854ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட ஆணையொன்று, ஐரோப்பியப் பாணிச் சப்பாத்து அணிந்த சுதேசிகள் அரச வைபவங்களில் அதனோடு தோன்ற இடமளித்தது. சுதேசப் பாதணி அணிந்தோர் அதனைக் கழற்றியே ஆகவேண்டும். 1862இற் சூரத்து நீதிமன்றிலே மானக்ஜி கவாஸ்ஜி என்னும் பார்சிக் கனவான் தம் பாதணியைக் கழற்ற மறுத்தமை பெரும் வாதத்தைக் கிளப்பிற்று. பாதணியின் வகையே மனிதனின் தரத்தை நிர்ணயித்த காலம் அது.

லேயார்டின் நிலைப்பாட்டை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். அவர் முஸ்லிம்களின் வழக்கத்தை முற்றாக மறுத்தாரல்லர். முழுச் சுதேசியாக நில், அன்றேல் முழு ஐரோப்பியனாக நில் என்பதே அவர் முன்வைத்த தெரிவு. அப்துல் காதர் இரண்டையும் ஒருங்கே வேண்டினார். அவர் ஆங்கிலச் சட்டம் கற்றவர்; சப்பாத்து அவரது தொழிலின் உடை. தொப்பி அவரது சமூகத்தின் உடை. வெறுங்காலோடு நிற்பது என்பது, கற்ற தொழிலின் தகைமையை வாயிலிலே கழற்றி வைத்துவிட்டு உட்செல்வதற்கு ஒப்பாகும். அன்று உருவாகிக்கொண்டிருந்த முஸ்லிம் மத்தியதர வர்க்கத்தின் நிலைமை முழுவதும் அந்த ஒரு மனிதனின் உடையிலே அடங்கியிருந்தது எனலாம்.

அத்தொப்பியின் வரலாறோ வியப்பூட்டுவது. முற்காலச் சோனகர் அணிந்தது பல வண்ணங்கொண்ட, விளிம்பற்ற உயரமான தொப்பியாகும். துருக்கித் தொப்பி இங்கு பரவியமை எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷாவின் வருகையோடு தொடர்புடையது. பிரித்தானியப் படையை எதிர்த்து 1882இல் தெல்-எல்-கபீரிலே தோல்வியுற்ற அவர், தோழர்களோடு நாடுகடத்தப்பட்டு 1883இற் கொழும்பை அடைந்து, 1901வரை இத்தீவில் வாழ்ந்தார். 'முஸ்லிம் நேசன்' ஆசிரியர் சித்திலெப்பை முதலியோரோடு அவர் கொண்ட தொடர்பும், 1892இல் மருதானையில் மத்ரஸதுஸ் ஸாஹிரா தோன்றுவதற்கு அவர் அளித்த ஆதரவும் நன்கறியப்பட்டவை. கைதியாக வந்தவரின் தலையணி, ஆட்சியாளரின் மன்றிலே உரிமைக்குரலாக மாறியதன் பொருளை நாம் மறத்தலாகாது.

ஆயினும் துருக்கியிலும் அது பழைமையானதன்று. சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1826இல் யெனிச்சேரிப் படையை ஒழித்தபின், பழைய தலைப்பாகைக்கு மாற்றாகப் படையினருக்கு அதனைப் புகுத்தினார். 1829இல் அரச அலுவலருக்கும் அதனை விதித்தார். தலைப்பாகையின் அளவும் கட்டும் அவரவர் பதவியைக் காட்டிய நிலையை மாற்றி, எல்லோரையும் ஒரே தோற்றத்தினராக்குவது அச்சீர்திருத்தத்தின் நோக்கங்களுள் ஒன்று. பழைமைவாதிகள் அதனை அப்போது எதிர்த்தனர் என்பது சுவையான செய்தி. அத்தொப்பிகளிற் பெரும்பங்கு ஆஸ்திரியப் பேரரசின் ஆலைகளிலே தயாராகி வந்தது. 1908இல் ஆஸ்திரியா பொஸ்னியாவை இணைத்துக்கொண்டபோது துருக்கியர் அவற்றைப் பகிஷ்கரித்தனர். சமயச் சட்ட நோக்கிலும் ஆணின் தலையை மூடுதல் தொழுகைக்கு இன்றியமையாத நிபந்தனையன்று. அது அதபைச் சார்ந்தது. ஆகவே 1905இல் மார்க்கத்தின் பெயரால் காக்கப்பட்டது, எண்பதாண்டுகூட நிரம்பாத ஒரு சீர்திருத்த உடையே.

இதனாற் போராட்டம் பொய்யாகிவிடாது. 1905 டிசம்பர் 31ஆம் நாள் மருதானைப் பள்ளிவாசல் மைதானத்திலே பெருங்கூட்டம் ஒன்று கூடிற்று. பம்பாயிலிருந்து வந்த மௌலவி றபியுத்தீன் அஹ்மத் உரையாற்றினார். முன்னின்றோருள் கரீம்ஜி ஜாபர்ஜி, ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் ஆகியோர் குறிப்பிடத்தக்கோர். முன்னவர் போறா வணிகர். பின்னவர் இலங்கைச் சோனகர். மொழியாலும் மார்க்கப் பிரிவாலும் வேறுபட்ட இவர்கள் ஒரே மேடையில் நின்றமை அதுவரை எளிதிற் காணக்கிடையாத காட்சி. இறுதியில் தொப்பியோடும் சப்பாத்தோடும் மன்றில் தோன்றும் உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது.

வெற்றிக்கு வேறொரு முகமும் உண்டு. 1885இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என மொழியையும் வழக்கங்களையும் சான்றாகக் காட்டி வாதிட்டிருந்தார். அதற்கு விரிவான மறுப்பை அப்துல் அஸீஸ் 1907இல், அதாவது தொப்பிப் போராட்டம் முடிந்த சூட்டோடு, வெளியிட்டார். 1889இல் சட்டநிரூபண சபையிலே முஸ்லிம்களுக்கெனத் தனி உறுப்பினர் நியமிக்கப்பட்டபின், வேறான வழக்கம் என்பது வேறான ஆசனத்துக்குரிய ஆதாரமாயிற்று. இதன் விளைவாக, அயலவரோடு பகிர்ந்துகொண்ட பழக்கங்கள் பேச்சிலிருந்து மறையலாயின. வேறுபடுத்திக் காட்டுவனவே சமூகத்தின் ஒழுக்கமென முன்னிறுத்தப்பட்டன. சஹனைப் பற்றி எவரும் கூட்டம் கூட்டவில்லை. ஒஸ்தாவைப் பற்றியும் கூட்டவில்லை. பெண்களின் முக்காடு இப்போராட்டத்தில் ஒரு சொல்லாகவேனும் இடம்பெற்றதாக நாம் காணவில்லை. மரியாதை என்பது ஆண்கள் ஆண்களிடம் கோரிய ஒன்றாகவே இருந்தது. நூறாண்டுகளின் பின், 2018இல் திருகோணமலையிலே பாடசாலைக்கு அபாயா அணிந்து வந்த ஆசிரியைகளை முன்னிட்டுப் பிணக்கு எழுந்தபோதுதான் பெண்ணின் உடை அதே வினாவின் நடுவே வந்து நின்றது.

அயலவர்க்கிடையே பேச்சாலும் விட்டுக்கொடுப்பாலும் தீர்ந்துவந்த மரியாதைகள் நீதிமன்றத் தீர்ப்புகளாக மாறுவதன் ஆபத்தையும் அக்காலமே காட்டிற்று. கம்பளையிலே பெரஹரா பள்ளிவாசலைக் கடக்கும்போது வாத்தியங்களை நிறுத்துவதா என்ற பிணக்கு 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றில் ஒருவாறும், 1915 தொடக்கத்தில் உயர்நீதிமன்றில் அதற்கு மாறாகவும் தீர்க்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதக் கலவரம் அப்பிணக்கோடு தொடங்கிற்று.

1925இல் முஸ்தபா கமாலின் அரசு துருக்கித் தொப்பியைச் சட்டத்தால் தடைசெய்து, விளிம்புள்ள ஐரோப்பியத் தொப்பியைப் புகுத்திற்று. எதிர்த்தோர் தண்டிக்கப்பட்டனர்; சிலர் தூக்கிலிடப்பட்டனர். அச்செய்தி இலங்கைக்கு எட்டிய பின்பும் இங்கு அதனைக் கைவிட்டாரில்லை. சேர் றாசிக் பரீத் முதலான தலைவர்களின் படங்களில் அது அதற்குப் பல்லாண்டுகளின் பின்னும் காணப்படுகின்றது. துருக்கியருக்கு அது ஒரு சுல்தானின் ஆணையாக வந்து ஒரு குடியரசின் ஆணையாற் போயிற்று. கொழும்பு முஸ்லிம்களுக்கோ அது மருதானை மைதானத்திலே கூடிநின்று பெற்ற ஒன்றாக இருந்தது.