கூப்பிட்டால் கேட்க ஆள் வேண்டும்



நடுக்கடலில் கப்பலுக்கு ஆபத்து வந்தால் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? வாணம் விட்டார்கள், விளக்கைக் காட்டினார்கள். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வேறு கப்பல் இருந்தால் பிழைப்பு. இல்லாவிட்டால் கடவுள் விட்ட வழி. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர் பலர் அப்படித்தான் கடலைக் கடந்தார்கள்.

பிறகு மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி வந்தது. 1909இல் 'ரிபப்ளிக்' என்ற கப்பல் மோதி உடைந்தபோது, தந்தி அழைப்பால் நூற்றுக்கணக்கானோர் உயிர் தப்பினர். 'இனிப் பயமில்லை' என்ற எண்ணம் பரவியது. ஆனால் 1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு நடந்தது என்ன?

இரவு 11.40க்கு 'டைட்டானிக்' பனிப்பாறையில் மோதியது. இருபது மைலுக்குள்ளேயே 'கலிபோர்னியன்' என்ற கப்பல் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்த ஒரே தந்திக்காரர் எவன்ஸ். பனிக்கட்டி சூழ்ந்திருப்பதை டைட்டானிக்குக்குச் சொல்லப் பார்த்தார். பயணிகளின் தந்திகளை அனுப்பும் மும்முரத்தில் இருந்த பிலிப்ஸ், குறுக்கே வராதே என்று அதட்டிவிட்டார். நாளெல்லாம் வேலை செய்த எவன்ஸ், 11.30 மணியளவில் கருவியை நிறுத்திவிட்டுப் படுத்தார். பத்தே நிமிடம் முந்திவிட்டது தூக்கம்! வானில் வெள்ளை வாணங்களைக் கண்ட அதிகாரிகளும் அவரை எழுப்பவில்லை.

58 மைல் தொலைவிலிருந்த 'கார்பேத்தியா'வின் தந்திக்காரர் காட்டம் படுக்கப் போகும் நேரம். காதுக்கருவியை இன்னும் கழற்றவில்லை. அதனால்தான் 700க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். சுமார் 1,500 பேர் மாண்டார்கள். இன்னொன்றும் கேளுங்கள்: டைட்டானிக் சொன்ன இடமே தவறு! 1985இல் கப்பலின் சிதைவு கிடைத்தது, அந்த இடத்திலிருந்து சுமார் 13 கடல் மைல் தள்ளி.

1914இல் நாடுகள் லண்டனில் கூடி, பெரிய பயணிகள் கப்பல்களில் இரவும் பகலும் தந்தியைக் கேட்க ஆள் வேண்டும் என உடன்படிக்கை செய்தன. பின்னாளில் இன்னொரு விதியும் வந்தது. ஒவ்வொரு மணி நேரத்திலும் இருமுறை, மும்மூன்று நிமிடம், அபாய அலைவரிசையில் எல்லாரும் வாய்மூடிக் கேட்கவேண்டும். தந்தி அறைக் கடிகாரத்தில் அந்த நிமிடங்களுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியிருப்பார்கள். பலவீனமான குரலும் காதில் விழட்டும் என்றுதான்!

1999 பிப்ரவரி 1 முதல் புதிய முறை முழு அமலுக்கு வந்தது. மோர்ஸ் தந்தி ஓய்வு பெற்றது. பொத்தானை அழுத்தினால் போதும், அபாயச் செய்தி போய்விடும். கப்பல் மூழ்கினாலும் மிதந்து வந்து செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் கருவியும் உண்டு.

அப்படியானால் கவலை தீர்ந்ததா? இல்லைங்க. கப்பல்கள் பேசிக்கொள்ளும் குறுந்தொலைவு ரேடியோ, பூமியின் வளைவைத் தாண்டிப் போகாது. வெள்ளம் புகுந்து மின்சாரம் நின்றால் கருவி ஊமையாகிவிடும். சிறு மீன்பிடிப் படகுகள் பலவற்றில் இந்த வசதியே இல்லை. கைதவறி அழுத்துவதால் வரும் பொய் அழைப்புகளோ ஏராளம். 'புலி வருது, புலி வருது' கதைதான்! பொய் கேட்டுப் புளித்த காது, மெய்யான கூக்குரலையும் சந்தேகிக்கும்.

மாணவ மணிகளே! நாளை உங்களில் ஒருவர் கப்பலிலோ துறைமுகத்திலோ வேலைக்குப் போகலாம். கருவியை இயக்கக் கற்றால் மட்டும் போதாது. களைத்த வேளையிலும் காது கொடுங்கள். சந்தேகம் வந்தால் தூங்குபவரை எழுப்பத் தயங்காதீர்கள். அந்தக் கப்பலில் நம் வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம்.