தையற்காரரின் கூடாரம்

குடும்பத்தோடு கூடாரமடித்துத் தங்குவதை இன்று நாம் பொழுதுபோக்கு என்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்கு நோக்கிச் சென்ற குடியேறிகளுக்கோ அது வேறு வழியற்ற வாழ்க்கை. இவ்விரண்டையும் ஒரே வாழ்நாளில் கண்டவர் தாமஸ் ஹிராம் ஹோல்டிங். 1853இல், சிறுவனாக, பெற்றோருடன் வண்டித் தொடரில் அமெரிக்கப் புல்வெளிகளைக் கடந்தவர் அவர். பின்னர் லண்டனில் தையற்காரரானார்.

வண்டி சுமந்த கூடாரத்தை மிதிவண்டியில் ஏற்ற முடியுமா? விடை அவர் தொழிலிலேயே இருந்தது. துணியின் எடையும் வெட்டும் அறிந்த கை கூடாரத்தை இலகுவாக்கியது. அயர்லாந்தின் கானமாராவில் மிதிவண்டியோடு முகாமிட்ட அனுபவத்தை அவர் 1898இல் நூலாக்கினார். 1901இல் மிதிவண்டி முகாமாளர் சங்கம் பிறந்தது. வேறு பெயரில் அது இன்றும் இயங்குகிறது. 1908இல் அவருடைய முகாமாளர் கையேடு வெளிவந்தது.

இன்று நம் சுமையை மகிழுந்து தாங்கிக்கொள்கிறது. ஆயினும் அனைத்தையும் இறக்கி விரிப்பதும், மழையில் நனைந்ததை மடித்துக் கட்டுவதும் நம் கைகளே; குழந்தைகளோடு கழிய வேண்டிய மாலை அதிலேயே கரைந்துவிடுகிறது. குடியேறிகள் வீட்டையே சுமந்தார்கள். திரும்பிச் செல்ல அவர்களுக்கு வீடில்லை. நமக்கு இருக்கிறது. ஆகவே, பலவற்றை நாம் அங்கேயே விட்டுச் செல்லலாம்.