கட்டற்றது எது?

திருகோணமலையின் திருக்கடலூர்க் கரையில் பெரியப்பா வலை பொத்திக்கொண்டிருந்தார். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார், கையில் ஊசி. பக்கத்தில் நான் மடிக்கணினியோடு இருந்தேன். என்ன வேலை என்று கேட்டார். கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்குகிறேன் என்றேன். ஊசி நின்றது.

"கட்டில்லாட்டி என்ன நடக்கும் தம்பி? கச்சான் காத்து தோணிய வெளிக்கடலுக்குக் கொண்டுபோயிடும்."

துறைமுகத்துப் பேச்சில் கட்டற்றது என்றால் காணாமற் போனது. ஊருக்குள்ளே வந்தாலும் அப்படித்தான். அவிழ்த்துவிட்ட மாட்டைக் கட்டாக்காலி என்போம். வீதியில் படுத்துக்கிடக்கும், பிறர் பயிரை மேயும், சபைக்காரர் பிடித்து அடைப்பார்கள். பிறகு எந்தத் துணிவில் இந்தச் சொல்லை ஒரு நல்ல பொருளுக்குப் பெயராக வைத்தோம்? அன்றிலிருந்து அதைத் துருவிக்கொண்டிருக்கிறேன்.

பெயரின் தொடக்கம் ஆங்கிலத்தில். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தில் வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983 செப்டெம்பரில், எவரும் திருத்தவும் பகிரவும் கூடிய இயங்குதளம் ஒன்றுக்கான குனு திட்டத்தை அறிவித்தார். அதற்கு முன் அவரை உறுத்தியது ஒரு அச்சுப்பொறி. காகிதம் அடிக்கடி சிக்கியது. அதை இயக்கும் நிரலைத் திருத்த அவருக்குத் தெரியும், ஆனால் மூலநிரல் தர மறுத்துவிட்டார்கள். கண் தெரியாத வலையை எப்படிப் பொத்துவது? 1985இல் அவர் நிறுவிய அமைப்பின் பெயரில் 'ஃப்ரீ' என்ற சொல் இருந்தது. அது விடுதலையையும் குறிக்கும், காசில்லாததையும் குறிக்கும். நான் சொல்வது விலையைப் பற்றியல்ல என்று இன்றுவரை அவர் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் குழப்பத்தைத் தமிழ் வாங்கிக்கொள்ளத் தேவையில்லை. விடுதலைக்கு ஒரு சொல், காசில்லாததற்கு இன்னொரு சொல் என்று நம்மிடம் தனித்தனியே உண்டு. இருந்தும் பலர் முதலில் எழுதியது 'இலவச மென்பொருள்'. சுனாமிக்கும் போருக்கும் பிறகு வரிசையில் நின்று நிவாரணம் வாங்கிய மாவட்டம் இது. இலவசம் என்றால் யாரோ தருவது, தந்ததை அப்படியே வாங்கிக்கொள்வது. திருத்துகிறவனுக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. அதனால்தான் 'கட்டற்ற' என்ற மாற்று வந்தபோது எனக்கு மகிழ்ச்சி. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்று எழுதிக்கொண்டது. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழும் இந்தச் சொல்லையே பரப்பியது.

ஆனால் கட்டு சின்னச் சொல் அல்ல. வீட்டைக் கட்டுகிறோம், தாலியைக் கட்டுகிறோம், காசையும் கட்டுகிறோம். கட்டணம் அதிலிருந்து வந்தது. தேர்தலில் நிற்பவர் செலுத்துவது கட்டுப்பணம். ஆகவே 'கட்டற்ற' என்பதற்குள்ளும் 'கட்டணமற்ற' என்ற பொருள் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்லவேளை, முதலில் காதில் விழுவது கயிறுதான்.

கயிறு என்றால் கட்டுமரம். மரக்குற்றிகளை ஆணியில்லாமல் கயிற்றால் பிணைத்துக் கடலில் விடுவார்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். அவிழ்க்காவிட்டால் மரம் நீர் குடித்துக் கனத்துவிடும். அவிழ்க்கப்படுவதற்காகவே கட்டப்பட்ட கலம் அது. ஒரு குற்றி பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். முடிச்சில் இரகசியம் இல்லை, பார்த்தவன் கட்டிக்கொள்ளலாம்.

பெரியப்பாவுக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய விடை இதுதான். நிரல் ஒன்றை எழுதிய கணமே சட்டம் அதைக் கட்டிவிடுகிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் காக்கப்பட்ட படைப்பாகவே கொள்கிறது. பதிவு செய்யாவிட்டாலும் அது கட்டுத்தான். எழுதியவர் தானாக அவிழ்த்தால் ஒழிய மற்றவர் அதைப் பிரதிசெய்யவோ மாற்றவோ கூடாது. அவிழ்த்ததற்குச் சாட்சியாக அவர் இணைக்கும் தாளைத் தமிழ்நாட்டில் உரிமம் என்கிறார்கள். இங்கே சாரதிக்கும் மீனவருக்கும் பழகிய சொல் அனுமதிப்பத்திரம். எனக்கு உரிமம்தான் பிடிக்கும். அனுமதியைக் கொடுத்தவர் திரும்பப் பறிக்கலாம், உரிமை அப்படியல்ல.

1989இல் வெளியான குனு பொது உரிமம் அவிழ்த்ததோடு நிற்கவில்லை, ஒரு முடிச்சும் போட்டது. எடு, மாற்று, பிறருக்குக் கொடு. கொடுக்கும்போது நீ பெற்ற அதே உரிமைகளோடு கொடு. ஆங்கிலத்தில் இதற்கு 'கொப்பிலெஃப்ட்' என்று பெயர், 'கொப்பிரைட்' என்பதில் வலத்தை இடமாக்கிய சொல்விளையாட்டு. ஸ்டோல்மனுக்கு டொன் ஹொப்கின்ஸ் என்ற நண்பர் அனுப்பிய கடிதத்தின் உறையில் இருந்த சொல் அது. தமிழில் அதற்கு 'அளிப்புரிமை' என்ற பெயர் வழங்குகிறது. விளையாட்டு போய்விட்டது, ஆனால் ஆங்கிலச் சொல்லில் இல்லாத கொடை உள்ளே வந்துவிட்டது. எனக்கு இது இலாபமாகவே படுகிறது.

அடுத்த பெயர் 1998 பெப்ரவரியில் பிறந்தது. கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு சந்திப்பில் கிறிஸ்டீன் பீற்றர்சன் முன்வைத்த 'ஓப்பின் சோர்ஸ்' அது. வணிகர்கள் விடுதலை என்ற சொல்லுக்குத் தயங்குகிறார்கள், திறந்திருப்பது என்றால் தயங்கமாட்டார்கள் என்பது கணிப்பு. தமிழில் 'திறமூலம்' என்றார்கள், 'திறவூற்று' என்றும் எழுதினார்கள். ஊற்று என்றால் திருகோணமலையில் பிறந்தவனுக்குக் கன்னியா வெந்நீரூற்றுதான். ஏழு சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் போனபோது, வாளி மாற்றி வாளியாக எத்தனையோ பேர் அள்ளித் தலையில் ஊற்றியும் நீர்மட்டம் அப்படியே நின்றதைப் பார்த்தேன். ஆங்கிலத்தின் 'சோர்ஸ்' பழைய பிரெஞ்சில் நிலத்திலிருந்து எழும் நீரைக் குறித்த சொல். ஆகவே 'திறவூற்று' மூலச்சொல்லின் வேருக்கே போய்விட்டது. அது பெருவழக்காகாமல் ஒதுங்கியது எனக்கு வருத்தம்.

அள்ளியும் குறையாத இதே இடத்தில்தான் 'பகிர்' என்ற சொல் இடறுகிறது. பகு என்ற வேரிலிருந்து பகுதி, பாதி, பகிர்வு எல்லாம் வருகின்றன. அடிப்பொருள் வெட்டிப் பிரிப்பது. ஆங்கில 'ஷெயர்' சொல்லின் பழைய பொருளும் வெட்டுதலே. கரைவலை இழுத்து முடிந்ததும் மீனைப் பங்கிட்டால் ஆள் கூடக்கூடப் பங்கு குறையும். நிரலைப் பகிர்ந்தால் குறையாது. வேறு சொல் தேடி நான் களைத்துவிட்டேன். பகிர்வே நிலைத்துவிட்டது, அதன் பொருள்தான் நம் கண்முன்னே மாறிக்கொண்டிருக்கிறது.

இலங்கையிலேயே பிறந்த பெயர் ஒன்றும் உண்டு. 2004 டிசெம்பர் 26இல் கடல் இந்தக் கரையில் ஏறியது. காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப்பொருளையும் பதிவுசெய்ய, சில நாட்களிலேயே இலங்கைத் தொண்டர்கள் ஒரு மென்பொருளை எழுதினார்கள். பெயர் சகன. சிங்களத்தில் அதற்கு நிவாரணம், ஆறுதல் என்று பொருள். அதே வடமொழி வேர் தமிழில் சகித்தலாக, சகனமாக, பொறுமையாக நிற்கிறது. தருகிறவர் பக்கம் ஒரு மொழியிலும் தாங்குகிறவர் பக்கம் மற்ற மொழியிலும் ஒரே வேர் கிளைத்திருக்கிறது. எழுதியவர்கள் அதைக் கட்டிவைக்கவில்லை. 2005 நிலநடுக்கத்தில் பாகிஸ்தான் அதை எடுத்தது, 2010இல் ஹெயிட்டியிலும் பயன்பட்டது. பி.எச்.பி. மொழியில் பிறந்தது பிறகு பைதனில் புதிதாக எழுதப்பட்டது. இப்படிப் புதிதாக எழுதாமல், இருக்கிற நிரலிலிருந்தே வேறொன்றைப் பிரித்து வளர்ப்பதை ஆங்கிலத்தில் முள்ளுக்கரண்டியின் பெயரால் அழைக்கிறார்கள். கிளை என்ற சொல்லுக்கு வேறு வேலை ஏற்கெனவே இருப்பதால் நான் கவை என்றே எழுதுகிறேன்.

குனு பொது உரிமத்தில் பலர் படிக்காமல் தாண்டும் வரி ஒன்று உண்டு. மாற்றியவர், தான் மாற்றினார் என்பதையும் மாற்றிய திகதியையும் குறிக்கவேண்டும். முன்பு எழுதியவரின் பெயரையும் அழிக்கக்கூடாது. இதைப் பெரியப்பாவுக்குச் சொன்னேன். அவர் வலையை மடியில் புரட்டினார். பழைய வலை, நூல் பல நிறம். ஓரிடத்தில் விரலை வைத்தார். பச்சை நைலோன் நூல் வெளுத்துப்போயிருந்தது, முடிச்சு ஒவ்வொன்றும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் இறுக்கம்.

"இது உன்ர அப்பாட கை" என்றார். பக்கத்துக் கண்ணில் ஊசியை நுழைத்தார்.