சங்ககாலப் பள்ளியும் அதன் தூய்மையும்

கணவனும் மனைவியும் கூடித் துயிலும் பள்ளியைப் பற்றி ஆராய்தல் அவைக்கு ஒவ்வாது என்று கருதுவார் இன்றும் உளர். சங்கப் புலவர் அங்ஙனம் கருதினாரல்லர். கட்டிலின் கால் எவ்வாறு கடையப்பட்டது, அதன்மேல் என்ன விரித்தனர், விரித்த துணி எவ்வாறு வெளுக்கப்பட்டது என்பனவெல்லாம் அவர்தம் பாட்டிற்குரிய பொருளாகவே அமைந்தன. அவற்றுள் சிலவற்றை ஈண்டு நோக்குவாம்.

முதற்கண் சொற்கள். கட்டில், அமளி, அணை, பாயல், சேக்கை, பள்ளி எனப் பல பெயர்கள் வழங்கின. சேக்கை என்பது பறவை தங்கும் இடத்தையும் குறிக்கும். பள்ளி என்னும் சொல்லின் வரலாறு வியப்புடையது. படுக்கையைக் குறித்த அச்சொல்லே துறவோர் உறையுளுக்கும், பின்னர்க் கல்வி பயிலும் இடத்திற்கும் பெயராயிற்று.

பள்ளியை விரித்துரைப்பதில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடைக்கு நிகரில்லை. 188 அடிகளையுடைய அப்பாட்டில், நாற்பது ஆண்டு நிரம்பிப் போரில் வீழ்ந்த யானையின் கொம்பைக் கொண்டு பாண்டிமாதேவியின் வட்டக் கட்டில் செய்யப்பட்டமை கூறப்படுகின்றது. தச்சன் கூரிய உளியால் இலைத்தொழில் செதுக்குகின்றான். குடம்போலத் திரண்ட கால்களுக்குச் சூல்முதிர்ந்த மகளிரின் பால்நிறைந்த மார்பகம் உவமையாகின்றது. மகப்பேற்றின் நினைவைக் கட்டிற்காலிலேயே பொருத்திய புலவர் உள்ளம் எண்ணத்தக்கது. அக்கட்டிலில் துகள் நீங்கிய, சாயமூட்டிய பல்வகை மயிர்களாலான விரிப்பை இடுகின்றனர். துணையோடு கூடிய அன்னம் உதிர்த்த தூவி பெய்த அணை அதன்மேல் அமைகின்றது. எல்லாவற்றிற்கும் மேலாகக் காடியிட்டுக் கழுவிய துணியின் மடியை விரிக்கின்றனர்.

துகள் நீங்கிய என்றும் கழுவிய என்றும் வரும் இவ்விரண்டு அடைகளையும் உரை கூறுவார் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றனர். யாம் அவற்றையே இப்பகுதியின் உயிர் என்போம். மயிரும் தூவியும் நாள்தோறும் வெளுக்கத்தக்கன அல்ல. உடலைத் தொடும் மேல்விரிப்போ கழற்றி வெளுத்தற்குரியது. காடி என்பது கஞ்சி. கஞ்சியிட்ட துணியில் வியர்வையும் அழுக்கும் இழையினுட் செல்லாமல் கஞ்சிமேல் தங்கி, அடுத்த வெளுப்பில் அதனோடு கழிந்துபோகும். அடியில் மென்மையும் மேலே தூய்மையும் என்னும் இம்முறையை இன்றும் மெத்தையுறை இடுவார் கைக்கொள்கின்றனர்.

பருவத்திற்கேற்பப் பள்ளி மாறுவதும் அப்பாட்டில் உண்டு. கூதிர்க்காலமாதலின் தென்றல் வரும் சாளரக் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. விசிறி சுருக்கித் தூக்கப்பட்டுச் சிலந்திநூல் சூழக் கிடக்கின்றது. குளிர்ந்த நீரை எவரும் பருகார். தடவில் நெருப்புக் காய்கின்றனர். அகிற்புகையும் எழுகின்றது. பட்டினப்பாலையிலோ, காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் இரவிற் கணவரைக் கூடுங்காற் பட்டினை நீக்கித் துகில் உடுத்தனர் என்கின்றார் புலவர். பட்டு சிறப்பிற்குரியது, மெல்லிய துகிலே உடற்கு இதமானது. இவையெல்லாம் செல்வர் மனைச் செய்திகள். பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயிற்றி மான்தோலின்மேல் மகவோடு முடங்கிக் கிடக்கின்றாள். அவளுக்குத் தூவியும் இல்லை, காடியும் இல்லை.

இனி, அவ்விரிப்பை வெளுத்தவள் யார்? நெடுநல்வாடை அவளைக் கூறவில்லை. பிற பாடல்கள் கூறுகின்றன. குறுந்தொகை 330ஆம் பாடலில் புலைத்தி துணியைக் கஞ்சியில் தோய்த்து, அடித்து, குளிர்ந்த குளத்தில் இடுகின்றாள். முறுக்கு நெகிழாத அத்துணி பகன்றைப் பூவின் அரும்பிற்கு உவமையாகின்றது. புறநானூறு 311இல் களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் அவள் நாள்தோறும் வெளுக்கின்றாள். களர்மண்ணின் உவர் எண்ணெய்ப்பசையைப் போக்கவல்லது என்பதை அவள் தொழில்வழி அறிந்திருந்தாள். நற்றிணை 90ஆம் பாடலிலோ ஊரில் விழா. அவள் கை ஓயாமல் இரவிலும் துணி தோய்க்கின்றது. அவளுக்கு வறுமையில்லை என்னும் பொருள்பட அப்பாடல் பேசுகின்றது. ஊரார் அனைவரின் பள்ளித் தூய்மையையும் தன் கையால் ஆக்கியவளின் பெயர் பிற்காலத்து இழிசொல்லாயிற்று. வெண்மையைப் போற்றிய சமுதாயம் வெளுத்தவளைத் தாழ்த்தியது. இம்முரணை விளக்காது சங்ககால நாகரிகத்தைப் புகழ்ந்தெழுதுவாரோடு யாம் உடன்படுதற்கில்லை.

மீண்டும் அக்கட்டிலுக்கு வருவோம். இத்துணைத் தூய்மையோடு அமைந்த பள்ளியிற் கிடக்கும் தேவியின் கோலம் என்ன? முத்தாரம் இல்லை, கூந்தல் எண்ணெயின்றி வறண்டுள்ளது, பொன்வளை இருந்த கையிற் சங்குவளை. முன்பு பூந்துகில் உடுத்தவள் இப்போது மாசேறிய துணியை உடுத்துள்ளாள். விரிப்பு வெண்மையாக இருக்க, உடை அழுக்காக இருக்கின்றது. இது தற்செயலாக அமைந்தது அன்று. பணிமகளிர் தம் கடமையாற் படுக்கையை நாள்தோறும் ஆயத்தமாக வைத்துள்ளனர். தன்னைப் புனைந்துகொள்ளத் தேவிக்குக் காரணமில்லை. தலைவன் உடனிருப்பதே அப்பள்ளிக்குப் பொருள் தருவது என்பதனை நக்கீரர் ஒரு துணியின் மாசினால் உணர்த்திவிடுகின்றார். இளமகளிர் அடிவருட, செவிலியர் அவன் விரைவில் வருவான் என்கின்றனர். அவளோ மேற்கட்டியில் எழுதிய திங்களையும் அதனைப் பிரியாத உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்செறிகின்றாள்.

அரசனோ பாசறையில், வாடைக்காற்றில் விளக்குச்சுடர் சாய, புண்பட்ட மறவரை ஒருவர் ஒருவராகக் கண்டு நள்ளிரவிலும் துயிலாது நடந்துகொண்டிருக்கின்றான்.