எழுத்தும் உருவும்: தாராவியின் டிடிபி ஆவணங்கள் குறித்து ஒரு குறிப்பு

பக்க வடிவமைப்பின் கலைச்சொற்கள் பல, உலோக அச்சின் நினைவைச் சுமப்பவை. வரியிடைவெளியைக் குறிக்கும் ‘லெடிங்’ என்ற ஆங்கிலச் சொல், வரிகளுக்கு நடுவே செருகப்பட்ட ஈயத் தகட்டிலிருந்து வந்தது. தமிழின் ‘அச்சுக்கோத்தல்’, பூவையும் மணியையும் கோக்கும் வினையை உலோக எழுத்துக்கு ஏற்றிக்கொண்டது. ‘பத்தி’ என்பதோ பாராவையும் பக்கத்தின் நெடுக்குப் பகுப்பையும் ஒருங்கே குறிக்கிறது.

1985இல் அல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் வெளிவந்தது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த பால் பிரெய்னர்ட் வழங்கிய ‘டெஸ்க்டாப் பப்ளிஷிங்’ என்ற பெயர், தமிழ்க் கடைப்பலகைகளில் ‘டிடிபி’ எனச் சுருங்கி நிலைத்தது. ‘ஃபாண்ட்’ என்பதற்குத் தமிழ் ‘எழுத்துரு’ என்ற சொல்லை வழங்கியது. இச்சொல்லில் எழுத்து, உரு என இரண்டு உண்டு. அக்காலக் கணினி காத்தது உருவை மட்டுமே.

ஈழத்தமிழரிடையே பரவிய பாமினி எழுத்துருவைச் சான்றாகக் கொள்ளலாம். அதில் ‘தமிழ்’ என்று அச்சிட்டால், கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து ஆங்கிலக் குறிகளே. எழுத்துரு அகன்றால் தமிழும் அகன்றுவிடும். ஒருங்குறியிலும் இச்சொல் ஐந்து குறிகளே. ஆயினும் அவை தமிழுக்கெனவே ஒதுக்கப்பட்டவை. விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழுக்கென ‘லதா’ எழுத்துருவுடன் வந்தது. அதன் வடிவாக்கத்தை நெறிப்படுத்தியவர் மும்பையில் பணியாற்றிய எழுத்துருக் கலைஞர் ர. கி. ஜோஷி.

அதே மும்பையில், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தலைமுறைகளாகக் குடியேறிய தமிழர் வாழும் தாராவிக்கு இச்செய்தி நேரடியாகப் பொருந்தும். திருமண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், சங்க மலர், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகியவை நூலகம் சேராத அச்சுகள். சொந்த ஊரும் மும்பைத் தெருவும் ஒரே தாளில் இடம்பெறுவதும், மராத்தி, இந்திச் சொற்கள் தமிழ் எழுத்தில் ஏறுவதும் இத்தகைய தாள்களில்தான். புலம்பெயர் தமிழின் வரலாற்றை எழுதுவோர்க்கு இவை முதன்மைச் சான்றுகள். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். மறுசீரமைப்பின் பொருட்டுக் கடைகள் இடம்பெயரும்போது, அத்தகைய கோப்புகள் வட்டுகளோடு குப்பைக்குப் போகக்கூடும்.

ஆயினும் எழுத்துருவின் பெயர் தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். குறிக்கு எழுத்து என ஓர் அட்டவணை போதும். ஆகவே களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் கோப்பை மட்டும் படியெடுத்து வருதல் போதாது. எழுத்துருக் கோப்பு, மென்பொருளின் பெயர், அச்சான தாளின் ஒளிப்படம் ஆகிய மூன்றையும் உடன் சேர்க்க வேண்டும். தாளில் உரு இருக்கிறது. கோப்பில் குறி இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் எழுத்து மீளும்.