சாலையை அடைப்பவர் யார்? அடைபடுபவர் யார்?



'குடியிருப்புச் சாலைகளை வெளியார் வாகனங்களுக்கு அடைப்பது சரியா?' என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. சரியல்ல என்று பேச வேண்டியவன் நான். ஆனால் எதிரணி நண்பர்கள் சற்று முன் சொன்ன குறைகளை மறுப்பதற்கு நான் வரவில்லை. அவை அத்தனையும் உண்மை. காரணம், நான் ஜெஞ்சாரோம்காரன்.

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை எங்கள் ஊரின் வழியாகத்தான் போகிறது. காலை ஆறரை மணிக்கு அங்கே வந்து பாருங்கள். தொழிற்சாலைப் பேருந்துகள், மண் லோரிகள், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள், பள்ளி வேன்கள், அவற்றுக்கிடையே புகுந்து செல்லும் மோட்டார் சைக்கிள்கள். பெரிய சாலை நெரிந்தால் வண்டிகள் சும்மா நிற்குமா? எங்கள் தாமானுக்குள் நுழைந்து, பின்பக்கச் சந்து வழியே வெளியேறி, இரண்டு சமிக்ஞை விளக்குகளைத் தாண்டிவிடுகின்றன. அந்த நேரத்தில்தான் எங்கள் பிள்ளைகள் புத்தகப் பையுடன் வாசலில் நிற்கிறார்கள்.

ஆகவே, பின்பக்கச் சந்தை இரும்புத் தடுப்பு போட்டு மூடிவிடலாம் என்று எங்கள் குடியிருப்பாளர் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. பாதிப் பேர் கை தட்டினார்கள். அப்போது கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்தார். அவர் எங்கள் தாமான்காரர் அல்லர். சந்துக்கு அப்பால், பழைய தோட்டத்து மக்கள் குடியேறிய வீடுகளில் இருப்பவர். "தம்பி, நான் கிளினிக்குக்குப் போறது அந்த வழிதான். மூடிட்டா நான் பெரிய ரோட்டைச் சுத்திப் போகணும். லோரிக்கு நடுவுல நடக்கணுமா?" என்று கேட்டார். கூட்டம் அமைதியாகிவிட்டது. முடிவு எடுக்காமலேயே கலைந்தோம்.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பழைய வரலாற்றைப் புரட்டினேன். கிள்ளான், கோல லங்காட் வட்டாரத்தில் வழியை அடைப்பது புதிய விஷயமே அல்ல என்பது அப்போது புரிந்தது.

ஆறே சாலையாக இருந்த காலம்

தார்ச் சாலையும் தண்டவாளமும் வருவதற்கு முன் இங்கே ஆறுதான் சாலை. கோலாலம்பூரில் தோண்டிய ஈயம் கிள்ளான் ஆற்றின் வழியாகத்தான் கடலுக்கு வந்தாக வேண்டும். ஆற்று முகத்துவாரத்தைக் கையில் வைத்திருப்பவர் வரி வசூலிக்கலாம். விரும்பினால் வழியையே மறிக்கலாம். 1867-இல் ராஜா மஹாடி கிள்ளானைக் கைப்பற்றியதில் தொடங்கி, ஏழாண்டுகள் நீடித்த சிலாங்கூர் உள்நாட்டுப் போரின் அடிப்படைக் காரணங்களுள் இந்த வரி உரிமையும் ஒன்று. வழியை ஆள்பவனே நாட்டை ஆள்பவன் என்ற பாடம் இந்த மண்ணில் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

பின்னர் 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடியது. 1890-இல் அது ஆற்றைக் கடந்து கிள்ளான் நகரை அடைந்தது. தண்டவாளத்தைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகின. தோட்டங்களோடு நம்மவர்களும் வந்தார்கள். அவர்களுக்காகப் போடப்பட்ட சாலைகள் எப்படிப்பட்டவை?

சைக்கிளை விட்டு இறங்கிய தலைமுறை

தோட்டத்துச் சாலை தோட்ட நிர்வாகத்தின் சொத்து. யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்பதை நிர்வாகமே முடிவு செய்தது. அடுத்த தோட்டத்து உறவினர் வந்தாலும் அவரை அனுமதிப்பதும் விரட்டுவதும் அதன் விருப்பம். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். கிராணிமார்களுக்கும் அந்த மரியாதை கிடைத்தாக வேண்டும். என் தாத்தா அப்படி இறங்கி நின்றவர். "உடம்பு இறங்கினது பெரிசில்லைடா, மனசு இறங்குச்சு" என்று அவர் சொன்னதை என் தந்தையார் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட மாபெரும் வேலைநிறுத்தத்தை நம்மில் பலர் சம்பளப் போராட்டம் என்று மட்டுமே அறிவோம். சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கைதான். ஆனால் முழுக் கோரிக்கைப் பட்டியலைப் பார்த்தால் நம் தலைப்புக்கு நேரடியாகத் தொடர்புடைய இரண்டு கோரிக்கைகள் அதில் இருக்கின்றன. ஒன்று, துரைமார்களுக்கும் சிப்பந்திகளுக்கும் முன்னால் சைக்கிளில் செல்ல அனுமதி வேண்டும். மற்றொன்று, உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்துபோக வேண்டும். கள்ளுக்கடையை மூடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்வி கொடுங்கள், பெண்களின் மானத்தைக் காப்பாற்றுங்கள் என்ற கோரிக்கைகளோடு சரிசமமாக இவ்விரண்டும் நின்றன.

அன்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். வயிற்றுக்காகப் போராடிய அந்த மக்கள், வழிக்காகவும் போராடினார்கள். நடந்துபோகும் உரிமை, நிமிர்ந்து சைக்கிளில் போகும் உரிமை, வீட்டுக்கு விருந்தாளி வரும் உரிமை இவையும் சோற்றைப் போலவே அவர்களுக்குத் தேவைப்பட்டன.

இயக்கத்தின் முன்னணியில் நின்ற ஆர்.எச்.நாதன் 1941 மே மாதம் கைது செய்யப்பட்டார். தொழிலாளர்கள் கொதித்தெழுந்தனர். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இன்று நாம் வண்டியில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போகும் இந்தச் சாலைகளுக்கு அப்படியொரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

முள்கம்பிக்குள் ஓர் ஊர்

தமிழர் கதை மட்டும் போதாது. எங்கள் ஜெஞ்சாரோம் பெரும்பாலும் சீனர்கள் வாழும் ஊர். அது ஒரு புதுக்கிராமம். 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950-இல் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி, காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த ஏறக்குறைய 5 லட்சம் மக்கள், நாடெங்கும் 400-க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். பெரும்பாலோர் சீனர்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் தகவலும் போகாமல் தடுப்பதே நோக்கம்.

சுற்றிலும் முள்கம்பி வேலி. நுழைவாயிலில் காவல். பொழுது சாய்ந்தால் கதவு மூடப்படும், விடிந்தால்தான் திறக்கும். காலையில் மரம் சீவப் போகும் ஆணும் பெண்ணும் வாயிலில் வரிசை பிடித்து நின்று சோதனைக்கு உட்பட்டார்கள். ஒரு பிடி அரிசியை மறைத்து எடுத்துச் சென்றாலும் குற்றம். தோட்டத் தொழிலாளர்களின் லயன்களும் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு வேலியிடப்பட்டன. அந்த அவசரகாலம் 1960 ஜூலை 31-ஆம் தேதிதான் முடிவுக்கு வந்தது.

அந்த வேலியும் 'பாதுகாப்பு' என்ற பெயரில்தான் போடப்பட்டது என்பதை எதிரணி நண்பர்கள் கவனிக்க வேண்டும். இன்றைய தாமான் தடுப்பும் அன்றைய முள்கம்பியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது அநியாயம். அன்று அரசாங்கம் மக்களை அடைத்தது; இன்று மக்கள் தாங்களாகவே அடைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். ஆனால் வேலி எதுவானாலும் அதற்கு இரண்டு பக்கம் உண்டு. உள்ளே இருப்பவருக்கு அது காவல். வெளியே நிற்பவருக்கு அது சந்தேகப் பார்வை.

நகரம் கற்றுத் தந்த பாடங்கள்

நகரத்துக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸ் நமக்குத் தாய்வீடு போன்றது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற அந்த இடத்தில் இரயில்வே ஊழியர்களாக நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். பழைய இரயில் பணிமனை நிலத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டதும் வாகன நெரிசல் பன்மடங்கானது. 2010-இல் துன் சம்பந்தன் சாலையும் அதையொட்டிய சாலைகளும் ஒருவழிப் பாதையாயின. அதே ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி, இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் பிரதமர் நஜிப்பும் அங்கே லிட்டல் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள்.

கடந்துபோகும் வாகனங்களுக்கு ஒருவழிப் பாதை வசதிதான். ஆனால் பூக்கடைக்காரருக்கும் மளிகைக்கடைக்காரருக்கும், எதிர்ப்புறக் கோயிலுக்குப் போகும் மூதாட்டிக்கும் அது வேறு கதை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் அது. வெள்ளைக்கோல் பிடித்து, பழகிய காலடிக் கணக்கில் சாலையைக் கடப்பவர்கள் வாழும் இடம். வண்டிகள் வரும் திசை மாறினால் அவர்கள் உலகமே திசை மாறுகிறது. வியாபாரிகளும் குடியிருப்பாளர்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பியதில் வியப்பில்லை. வரைபடத்தில் கோடு போடுபவர் நடந்துபோகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதே அங்கே நாம் கற்ற பாடம்.

இதற்கு நேர்மாறான கதை பண்டார் மக்கோத்தா செராஸ். அங்கே நெடுஞ்சாலைக்குப் போகும் இணைப்புச் சாலை கான்கிரீட் தடுப்புகளால் அடைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் தெரியும் நெடுஞ்சாலைக்கு மக்கள் சுற்றிப் போய் டோல் கட்ட வேண்டியிருந்தது. 2008 ஏப்ரலில் குடியிருப்பாளர்களே திரண்டு தடுப்பை உடைத்தார்கள். மீண்டும் தடுப்பு எழுந்தது. மீண்டும் மோதல் மூண்டது. மே மாதத்தில் நிலைமை கைகலப்பு வரை போனது. கடைசியில் தடுப்பு அகன்றது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பிறர் நம் வழியை அடைத்தால் அதை அநீதி என்று உடைக்கிறோம். நாம் பிறர் வழியை அடைத்தால் அதைப் பாதுகாப்பு என்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொதுச் சாலை அரசாங்கத்தின் பொறுப்பில் உள்ளது. வீட்டுக் கடனை நாம் கட்டலாம். வாசலுக்கு வெளியே இருக்கும் தார் நம்முடையதன்று. 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, பொது இடத்தில் அனுமதியின்றிச் சுவரோ வேலியோ தடையோ எழுப்புவதைக் குற்றம் என்கிறது.

அதற்காகத் தடுப்புக் கட்டையே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 2015-இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு வழங்கியது. சிலாங்கூரில் ஒரு குடியிருப்பில், கட்டணம் கட்டாத வீட்டுக்காரர் தடுப்புக் கட்டையைத் தாமே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். ஊராட்சி மன்றத்தின் அனுமதியோடு, பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட தடுப்பு அது. கடந்து போக முடிகிறது. சிரமம் வேறு, தடை வேறு என்று நீதிமன்றம் கருதியது. அவருடைய மேல்முறையீடு தள்ளுபடியானது.

எதிரணிக்குச் சாதகமான தீர்ப்புதான், மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அதன் உட்பொருள் என்ன? அனுமதி பெற்றிருக்க வேண்டும். கட்டையைத் தூக்கினால் வழி திறக்க வேண்டும். பூட்டுப் போட்டு நிரந்தரமாக மூடிவிடுவதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, சில கம்பங்களிலும் தாமான்களிலும் மக்கள் தாங்களாகவே மரத்தையும் பழைய சாமான்களையும் போட்டுச் சாலையை அடைத்தார்கள். அச்சத்தில் செய்த காரியம். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வது, தீயணைப்பு வண்டி வந்தால் எப்படி நுழைவது என்ற கேள்வி உடனே எழுந்தது. திருடனைத் தடுக்கும் கட்டை, உயிரைக் காக்க வருபவரையும் தடுக்கும். அதற்கு ஆள் தெரியாது.

எங்கள் தாமானுக்கு என் யோசனை

சரி, பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்களே, அதற்கு என்ன வழி என்று கேட்பீர்கள். வேகத்தடை கேளுங்கள். கனரக வாகனம் நுழையாதபடி உயரத் தடுப்பு கேளுங்கள். காலையில் பள்ளி நேரத்தில் மட்டும் கார்கள் குறுக்கே வராதபடி ஏற்பாடு செய்ய நகராண்மைக் கழகத்துக்கு மனு கொடுங்கள். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மட்டும் எந்நேரமும் ஒரு வழி திறந்திருக்கட்டும். முக்கியமாக, சந்துக்கு அப்பால் வாழும் மக்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். வழியை இழக்கப் போகிறவர் இல்லாத கூட்டத்தில் வழியைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது.

பெரிய சாலை நெரியாமல் இருந்தால் சின்னச் சாலைக்குள் யாரும் வரப்போவதில்லை. ஆகவே நம் கோபம் போக வேண்டிய இடம், வேலைக்குப் போகும் பக்கத்து ஊர்க்காரர் அல்லர். தொழிற்சாலைகளுக்கு அனுமதி கொடுத்துவிட்டுப் பேருந்துக்கும் சாலைக்கும் திட்டமிட மறந்த அலுவலகங்கள்.

எங்கள் குடியிருப்பாளர் கூட்டம் மறுபடியும் கூடவிருக்கிறது. வாக்கெடுப்பு நடக்கும். அடைக்க வேண்டும் என்போர் என் நண்பர்கள். தினமும் அவர்கள் முகத்தில் விழிப்பவன் நான். இருந்தாலும் அடைக்க வேண்டாம் என்றுதான் கை தூக்கப் போகிறேன். சைக்கிளை விட்டு இறங்கி நின்ற ஒருவரின் பேரன், இன்னொரு வீட்டுப் பாட்டியைப் பெரிய சாலையில் இறக்கிவிடக் கூடாது.